புண்ணுக்கு முந்தும் ஒளி



மருத்துவப் பொருள் ஒன்றை, மருத்துவர் அல்லாதவருக்கும் விளங்கும்படி தமிழில் பேச வேண்டும் என்பதுதான் இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளை விதித்திருக்கும் ஒரே நிபந்தனை. நான் வாய்நோய் மருத்துவர். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு வருபவர்களின் வாயைப் பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. அவர்களுக்கு வரும் வாய்ப்புண்ணையும், அதைத் தடுக்க உதவும் சிவப்பு லேசர் ஒளியையும் பற்றி இன்று பேசுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒளியைப் புண் வந்த பிறகு தேடினால் பாதிப் பலன் போய்விடும். கீமோ தொடங்கும் அன்றே, வாய் நன்றாக இருக்கும்போதே, தொடங்க வேண்டும். அதற்குக் கருவியைவிட முக்கியம், தினமும் கட்டிலருகே வந்து அரைமணி நேரம் நிற்க ஓர் ஆள்.

ஸ்டெம் செல் மாற்று என்றதும் பலர் பெரிய அறுவைச் சிகிச்சை என்று நினைக்கிறார்கள். இதில் கத்தியே கிடையாது. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பையிலிருந்து செல்கள் நரம்பு வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடுமையான பகுதி அதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. நோயுற்ற எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய மிக உயர்ந்த அளவில் மருந்து கொடுக்கிறார்கள். மைலோமா நோயாளிக்கு மெல்ஃபலான், உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம். லிம்ஃபோமாவுக்கு நான்கு மருந்துகள் சேர்ந்த கலவை. ரத்தப் புற்றுக்கு புசல்ஃபான், சைக்ளோபாஸ்ஃபமைட், சிலருக்கு உடல் முழுவதும் கதிர்வீச்சு. மஜ்ஜையை அழிக்கும் அந்த மருந்துக்கு மஜ்ஜை எது, கன்னத்தின் உட்தோல் எது என்று தெரியாது. வேகமாகப் பிரிந்து பெருகும் செல் எதுவானாலும் தாக்கும். வாயின் உட்தோல் ஒன்று, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. ஆகவே அடி அங்கே விழுகிறது.

வாய் முழுவதும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. ஈறும், மேலண்ணத்தின் முன்பகுதியும், நாக்கின் மேற்பரப்பும் கெட்டியான தோல் போர்த்தியவை, பெரும்பாலும் தப்பிவிடும். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரமும் அடியும், நாக்குக்குக் கீழே உள்ள தரை, உள்நாக்கைச் சுற்றிய மென்மையான அண்ணம் ஆகியவைதாம் புண்ணாகும் இடங்கள். பேசும்போதும் விழுங்கும்போதும் ஓயாமல் அசைபவையும் இவையே. ஒவ்வொரு மிடறு எச்சிலும் அவற்றின் மேல்தான் போகிறது.

செல் ஏற்றும் நாளை வார்டில் பூஜ்ய நாள் என்று கணக்கிடுவார்கள். அன்று நோயாளி நன்றாக இருப்பார். சிலர் இட்லி சாப்பிட்டுவிட்டு உறவினரோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாலைந்து நாளில் வாய் சிவக்கும். "சூடா எதுவும் ஆகல டாக்டர்" என்பார்கள். பிறகு "தண்ணி கூட எரியுது". அதற்கடுத்த நாட்களில் பேச்சு குறைந்து, கையால் தொண்டையைக் காட்டுவார்கள். எச்சிலை விழுங்க முடியாமல் கையில் ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். இந்த நிலையை உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 0 முதல் 4 வரை வகுக்கிறது. திட உணவு இறங்காமல் நீர்மம் மட்டும் இறங்கினால் 3. வாய் வழியே எதுவும் இறங்காவிட்டால் 4.

மாற்றுச் சிகிச்சை முடித்த 38 பேரிடம், அனுபவித்ததிலேயே எது மிகக் கொடியது என்று கேட்டு 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. 42 விழுக்காட்டினர் சொன்ன பதில் வாய்ப்புண். வாந்தி, காய்ச்சல், தனிமை எல்லாவற்றையும் தாண்டி வாய்ப்புண். அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை, வருத்தம்தான். ஏனென்றால் காலைச் சுற்றில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அதாவது கவுன்ட், கேட்கப்படுகிறது, காய்ச்சல் கேட்கப்படுகிறது, எத்தனை முறை வயிற்றோட்டம் என்று கேட்கப்படுகிறது. டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்ப்பது பல இடங்களில் யாருடைய பொறுப்பும் இல்லை.

வலி மட்டும் என்றால்கூட அது தீர்க்கப்பட வேண்டிய வலிதான். ஆனால் இது வலியோடு நிற்பதில்லை. வாய்ப்புண் உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருக்கும். நம் எல்லோர் வாயிலும் சாதுவாக வாழும் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளுக்கு அந்தப் புண் ரத்தத்துக்குள் நுழையும் வழியாகிவிடுகிறது. பாஸ்டனைச் சேர்ந்த ஸ்டீபன் சோனிஸ் குழுவினர் 2001-இல் 92 நோயாளிகளைக் கணக்கிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய அளவுகோலில் புண்ணின் மதிப்பெண் ஒரு புள்ளி கூடினால், கடுமையான தொற்றுக்கான அபாயம் 2.1 மடங்கு, ஊசிவழி மார்ஃபின் போன்ற மருந்து தேவைப்படும் காலம் 2.6 நாட்கள் கூடுதல். நூறு நாட்களுக்குள் இறக்கும் அபாயம் 3.9 மடங்கு. இந்தப் பட்டியலின் கடைசி எண்ணை மருத்துவ மாணவர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்புண்ணை 'சகஜம், கவுன்ட் ஏறினால் தானாக ஆறிவிடும்' என்று ஒதுக்குவோர் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. ஆறுவது உண்மை, கவுன்ட் ஏறும்போது பெரும்பாலும் ஆறத்தான் செய்கிறது. அதற்குள் என்ன நடந்துவிடுகிறது என்பதுதான் கேள்வி.

அதே சோனிஸ்தான் 2004-இல், புண் எப்படி உருவாகிறது என்பதை ஐந்து கட்டங்களாக விளக்கினார். முதல் கட்டம் மருந்து இறங்கிய சில நொடிகளிலேயே தொடங்குகிறது. மேற்பரப்பில் எதுவும் தெரியாது. உட்தோலுக்குக் கீழே உள்ள திசுக்களில் டிஎன்ஏ உடைகிறது, ஆக்சிஜன் துணுக்குகள் பெருகுகின்றன. பிறகு அழற்சிக்கான சமிக்ஞைகள் கிளம்பி, ஒன்று மற்றொன்றைத் தூண்டிப் பல மடங்காகின்றன. நான்காம் கட்டத்தில்தான் தோல் கிழிந்து புண் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தாவது, ஆறுதல். நாம் டார்ச் அடித்துப் புண்ணைக் கண்டு கவலைப்படும்போது நிகழ்ச்சியில் மூன்று பகுதிகள் முடிந்துவிட்டன. முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் அடிப்படை இதுதான்.

இனி ஒளிக்கு வருவோம். லேசர் என்றால் நம் மக்கள் மனத்தில் வருவது வெட்டுவதும் எரிப்பதும். அறுவைக்கான லேசர் பல வாட் ஆற்றலில் இயங்குகிறது. நாங்கள் வாயில் காட்டும் லேசரின் ஆற்றல் பொதுவாகச் சில பத்து மில்லிவாட். சூடு தெரியாது, வலி தெரியாது. ஒரு புள்ளியில் 50 மில்லிவாட் ஒளியை 20 நொடி காட்டினால் அங்கே சேரும் ஆற்றல் ஒரு ஜூல். அவ்வளவுதான் தேவை.

இவ்வளவு மெல்லிய ஒளி திசுவை மாற்றும் என்பதைக் கண்டவர் எதிர்பாராமல்தான் கண்டார். தியடோர் மைமன் 1960-இல் ரூபிக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். அமெரிக்காவில் அதைக் கட்டிகளை அழிக்கப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதைத் தானும் செய்து பார்க்க விரும்பினார் புடாபெஸ்ட் நகரின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் எண்ட்ரே மெஸ்டர். கட்டியுள்ள எலிகளின் முதுகை மழித்து ரூபி லேசரைக் காட்டினார். அவருடைய கருவியில் ஆற்றல் குறைவு. கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒளிபட்ட எலிகளுக்கு மழித்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்தது. 1967-இல் அதை வெளியிட்டார். பிறகு ஆறாத புண்களுக்கு அந்த ஒளியைக் கொடுத்துப் பார்ப்பதிலேயே தன் உழைப்பைச் செலுத்தினார். எதிர்பார்த்த முடிவு கிடைக்காதபோது வேறென்ன நடந்திருக்கிறது என்று நின்று பார்த்த அந்த மனிதருக்கு நம் நோயாளிகள் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஒளி என்ன செய்கிறது? செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. சிவப்பும் அகச்சிவப்பை ஒட்டியதுமான ஒளியை அது உறிஞ்சுகிறது என்று ரஷ்ய விஞ்ஞானி டீனா கரு பல ஆண்டுகள் ஆராய்ந்து முன்வைத்தார். அடிபட்ட செல்லில் நைட்ரிக் ஆக்சைடு அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கிறது; ஒளி பட்டால் விலகுகிறது, செல்லின் ஆற்றல் உற்பத்தி மீள்கிறது, அழற்சிச் சமிக்ஞைகள் தணிகின்றன என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நுட்பமான சில இடங்களில் விவாதம் தொடர்கிறது. ஒன்று மட்டும் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது: அளவு குறைந்தால் பலனில்லை, அளவு மீறினாலும் பலனில்லை, சில நேரம் கெடுதல்கூட. 'கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் சீக்கிரம் குணமாகும்' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மாற்றுச் சிகிச்சை நோயாளிகளிடம் இதைச் சோதித்த வரலாறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1995-இல் அமெரிக்காவில் 20 பேரிடம் ஓர் அழகான சோதனை நடந்தது. ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பாதிக்கு உண்மையான ஹீலியம் நியான் லேசர், மறுபாதிக்கு ஒளியில்லாத போலி. ஒரே ரத்தம், ஒரே மருந்து, ஒரே நோயாளி. வேறுபாடு ஒளி மட்டும். ஒளி பட்ட பக்கத்தில் புண் குறைந்தது. இரண்டு ஆண்டு கழித்து பிரான்ஸில் 30 பேரிடம் நடந்த சோதனையும் அதையே காட்டியது. 2007-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அன்டூனெஸ் குழுவினர் 38 பேரிடம் செய்த ஆய்வு, கடுமையான புண்கள் பெருமளவு குறைந்ததைக் காட்டியது. அதே ஆண்டு சியாட்டிலின் மாற்றுச் சிகிச்சை மையம் ஒன்றில் 70 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள்: 650 நேனோமீட்டர் அலைநீள ஒளி, 780 நேனோமீட்டர் அலைநீள ஒளி, போலி ஒளி. 650 பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. 780-இல் அந்த அளவு பலன் தெரியவில்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை உருவாக்கி 1990-இல் நோபல் பரிசு பெற்ற டோனல் தாமஸ் வளர்த்தெடுத்த மையம் அது. மாற்றுச் சிகிச்சை வளர்ந்த இடத்திலேயே அதன் வாய்ப்புண்ணுக்கும் வழி தேடியிருக்கிறார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த இன்னொரு முயற்சியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விண்கலத்தில் செடி வளர்ப்பதற்காக நாசாவின் ஆதரவில் செய்யப்பட்ட எல்இடி விளக்குகளை, ஹாரி வெலன் என்னும் குழந்தை நரம்பியல் மருத்துவர், மஜ்ஜை மாற்று செய்த குழந்தைகளின் கன்னத்துக்கு வெளியிலிருந்து காட்டிப் பார்த்தார். குழந்தைக்கு வாயைத் திறந்து வைத்துக்கொள்வதே வேதனை. வெளியிலிருந்தே கொடுக்க முடிந்தால் அது பெரிய ஆறுதல். அந்த வழியில் ஆய்வுகள் தொடர்கின்றன. வாய்க்குள் காட்டும் முறைக்கு உள்ள அளவுக்கு உறுதியான சான்று இன்னும் சேர வேண்டியிருக்கிறது.

இந்தச் சான்றுகளையெல்லாம் எடைபோட்டு, புற்றுநோயாளிகளின் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயர் அளவு கீமோ பெற்று ஸ்டெம் செல் மாற்றுக்குப் போகும் பெரியவர்களுக்கு, உடல் முழுக் கதிர்வீச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளிச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. 2020-இல் அந்த வழிகாட்டுதல் புதுப்பிக்கப்பட்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் இந்தச் சிகிச்சைக்கான தன் வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆகவே இதைச் சோதனை நிலையில் இருக்கும் புதுமை என்று தள்ளிவைக்க இப்போது காரணம் இல்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மங்களூரு கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துப் பெற்ற 221 பேரிடம், கவுதம், மய்யா ஆகியோரின் குழு ஹீலியம் நியான் லேசரைச் சோதித்து 2012-இல் வெளியிட்டது. யாருக்கு உண்மையான ஒளி என்று நோயாளிக்கும் தெரியாது, அளவிடுபவருக்கும் தெரியாது, கணக்கிடுபவருக்கும் தெரியாது என்ற கடுமையான முறையில் நடந்த சோதனை. கடுமையான புண்ணும் வலியும் வலிமருந்துத் தேவையும் குறைந்தன. நோய் வேறு என்றாலும் புண்ணின் தன்மை நெருங்கியது. அதைச் செய்தவர்கள் பிசியோதெரபி துறையினர் என்பதைக் கவனியுங்கள். ஏன் கவனிக்கச் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

கட்டிலருகே நடப்பதை விவரிக்கிறேன். மாற்றுக்கு முன்பே பல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். கூர்மையான பல் முனை, சீழ் கட்டிய வேர் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. கீமோ தொடங்கும் நாளில் லேசரும் தொடங்கும். நோயாளிக்கும் காட்டுபவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. ஒளி வரும் முனைக்கு நோயாளிக்கு நோயாளி மாற்றும் மெல்லிய உறை. சியாட்டில் முறையில் வாய்க்குள் 50-க்கும் மேற்பட்ட புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஓரிரு நொடி. வேறு முறைகளில் புள்ளிகள் குறைவு, நேரம் அதிகம். புண்ணாகக்கூடிய இடங்களை மட்டும் தொடுகிறோம். ரத்தத்தை உறையச் செய்யும் பிளேட்லெட் குறைந்திருக்கும், ஆகவே அழுத்தாமல் தொட வேண்டும். செல் ஏற்றிய பிறகும் சில நாட்கள் தொடர வேண்டும். கருவியின் ஒளி அளவை மானி வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணுக்கும் முனையில் வரும் ஒளிக்கும் வேறுபாடு வந்துவிடும். இந்தக் கடைசி வேலையைத்தான் மிக எளிதில் மறக்கிறோம்.

பனிக்கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்ஃபலான் ரத்தத்தில் தங்கும் நேரம் குறைவு. மருந்து ஏறும்போது பனிக்கட்டிச் சில்லுகளை வாயில் வைத்திருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, வாய்க்கு வரும் மருந்து குறைகிறது. முன்பு சொன்ன பன்னாட்டுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் இதையும் பரிந்துரைக்கிறது. செலவே இல்லாத இந்தச் சிகிச்சைக்கு நம் வீடுகளில் எழும் தடை, "சளி பிடிச்சுக்கும்" என்ற பயம். அம்மாக்களின் அந்தப் பயத்தை உட்கார்ந்து பேசித்தான் போக்க வேண்டும், அதட்டிப் பயனில்லை. கொதித்து ஆறிய நீரில் செய்த பனிக்கட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாட்கணக்கில் கொடுக்கப்படும் புசல்ஃபானுக்கும் கதிர்வீச்சுக்கும் பனிக்கட்டியை நம்ப முடியாது. உட்தோலை வளரச் செய்யும் பாலிஃபெர்மின் என்ற ஊசி 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் சோதனையில் கடுமையான புண் 98 விழுக்காட்டிலிருந்து 63 ஆகக் குறைந்தது. நல்ல மருந்து, நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. எந்த மருந்துத் திட்டமானாலும் கொடுக்கக்கூடியது என்பதால்தான் ஒளியின் மேல் எனக்கு இவ்வளவு பற்று.

புற்றுநோயாளிக்கு ஒளி கொடுத்தால் புற்றுச்செல்லும் வளர்ந்துவிடாதா? உறவினர்கள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது, விஞ்ஞானிகளும் கேட்கிறார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. நோயாளிகளிடம் பார்த்தால், அன்டூனெஸ் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 94 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்டதில், ஒளி பெற்றவர்களுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் வாயில் கட்டியோ, ரத்தப் புற்று ஊடுருவிய ஈறோ இருந்தால் அந்த இடத்தின் மேல் நான் ஒளி காட்டுவதில்லை. தொண்டைக்கும் உணவுக்குழலுக்கும் இந்த ஒளி எட்டாது. அங்கே வரும் வலிக்கு மார்ஃபின்தான். ஒளி கொடுக்கிறோம் என்பதற்காக மார்ஃபினைத் தயங்கிக் கொடுப்பது பெருந்தவறு.

இப்போது ஆளுக்கு வருகிறேன். இந்தியாவில் மஜ்ஜை மாற்று 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல். அன்றிலிருந்து மையங்கள் பெருகியிருக்கின்றன. கருவி வாங்கிய இடங்களிலும் அது அலமாரியில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால், "யார் சார் தினமும் வந்து செய்வாங்க?" என்கிறார்கள். செவிலியரைக் கேட்பது நியாயமாகாது. ஒருவர் பல கட்டில்களைப் பார்க்கிறார், ஒவ்வொரு கட்டிலிலும் நாலைந்து டிரிப் ஓடுகிறது. ஆனால் இந்த நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டம் பெற்று வேலை தேடும் இளம் பல் மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வாயைத் திறந்து பார்ப்பதும், மில்லிமீட்டர் கணக்கில் கை நடுங்காமல் வேலை செய்வதும் அவர்கள் கற்றதுதானே? மங்களூரில் பிசியோதெரபி துறையினர் செய்து காட்டியதை, பயிற்சி கொடுத்தால் பல் மருத்துவர் செய்ய முடியாதா? வேண்டியது ஒவ்வொரு மாற்று மையத்திலும் சம்பளத்தோடு ஓர் இடம். ஒரு நோயாளி மார்ஃபினோடும் நரம்புவழி உணவோடும் கூடுதலாகக் கிடக்கும் நாட்களுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும்படி மருத்துவமனை நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாற்றுச் சிகிச்சை மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. மெல்ஃபலானோ புசல்ஃபானோ எழுதும் அதே தாளில், அதே நாளில், லேசரையும் எழுதுங்கள். தனித் தாளாக இருந்தால், வாய் எரிகிறது என்று நோயாளி சொல்லும் வரை அது யார் நினைவுக்கும் வராது. காய்ச்சல் பதியும் அட்டவணையில் வாய்க்கு ஒரு கட்டம் சேருங்கள். தினமும் 0 முதல் 4 வரை ஓர் எண், எழுதியவர் கையெழுத்து. உறவினர்களாக வந்திருப்பவர்களுக்கு: சேர்க்கை நாளில் படிவங்களில் கையெழுத்துப் போடும்போதே, "வாய்ப்புண் வராம இருக்க லேசர் குடுக்கிறீங்களா, எந்த நாள்ல ஆரம்பிப்பீங்க?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், பனிக்கட்டியாவது உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.